கோபத்துக்கு எதிரே ஒரு கோடு

பாவம் என்ற சொல்லை இருபத்தெட்டு வருடம் தட்டச்சு செய்தவள் நான். என்னைவிட அதிகமாகப் பாவம் செய்தவர்கள் கல்கத்தாவில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். என்னைவிட அதிகமாக அந்தச் சொல்லை அடித்தவர்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

போன மாதம் ஷர்மிளா வீட்டுக்கு வந்திருந்தாள். நான் வேலை பார்த்த இறையியல் கல்லூரியின் நூலகத்தை இப்போது அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். "காந்திதி, இப்போதெல்லாம் எந்த மொழியிலிருந்தும் எந்த மொழிக்கும் இயந்திரமே மாற்றித் தந்துவிடுகிறது. நீங்களெல்லாம் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பீர்கள்!" என்று வங்காளத்தில் சொல்லிச் சிரித்தாள். காந்தி அக்கா என்பதைத்தான் காந்திதி என்பாள். கஷ்டப்பட்டோம்தான். ஆனால் அவள் நினைக்கிற கஷ்டம் அல்ல. ஒரே ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டு நான் பட்டதை அவளுக்குச் சொன்னேன். எழுதி வையுங்கள் என்றாள்.

என் பெயர் காந்திமதி. அப்பா திருநெல்வேலியிலிருந்து வங்கி வேலைக்கு வந்தவர். நானும் தங்கை கோமதியும் இங்கேயே பிறந்தோம். பள்ளி முடித்து, டைப்பிங்கும் ஷார்ட்ஹேண்டும் கற்று, ஒரு தேயிலைக் கம்பெனியில் இரண்டு வருடம் இருந்தேன். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபோது எனக்கு இருபத்தைந்து வயது. டாலிகஞ்ச் காலனியில் இரண்டு அறை வாடகை வீடு, படித்துக்கொண்டிருந்த தங்கை. ஐந்து மணிக்குச் சரியாக விட்டுவிடுவார்கள் என்று யாரோ சொன்னதால்தான் கல்லூரி வேலைக்கு விண்ணப்பித்தேன். சிலுவை போடத் தெரியாத பெண்ணுக்கு அந்த வேலையைக் கொடுத்தவர் ஃபாதர் கொர்ரெயா.

கோவாக்காரர். ஒல்லி, உயரம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பாவத்துக்கும் மனித உணர்ச்சிகளுக்கும் காரணம் என்ன என்று எழுநூறு வருடத்துக்கு முன்பு ஐரோப்பிய மடங்களில் இருந்தவர்கள் என்ன எண்ணினார்கள் என்பதைத்தான் மாணவர்களுக்கு நடத்தினார். அதையே ஒரு பாடநூலாகவும் எழுதிக்கொண்டிருந்தார். பென்சிலால் எழுதுவார். நான் மூன்று பிரதி அடிப்பேன். கார்பன் தாள் சுருங்கினால் அந்தப் பக்கம் முழுவதும் மறுபடி. லத்தீன் சொற்களின் அடியில் ரிப்பனின் சிவப்புப் பாதியால் கோடு. அடித்து முடித்ததும் நிறுத்தற்குறி உட்பட அவருக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பவர், ஓர் இடத்தில் விரலைத் தூக்குவார். பெரும்பாலும் அது ஏதாவது அடைமொழியாக இருக்கும். "அது போகட்டும், மிஸ் காந்தி" என்பார். எடுத்துவிடுவேன்.

அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், "தார் ஆகே?" என்று வங்காளத்தில் கேட்பார். அதற்கு முன்பு? மாணவன் பரீட்சையில் தோற்றதாகச் சொன்னால், தார் ஆகே? படிக்கவில்லை. தார் ஆகே? ஊரிலிருந்து கடிதம் வந்தது. இப்படியே பின்னால் நடத்திக்கொண்டு போவார். நாலாவது கேள்வியில் சிலர் அழுதுவிடுவார்கள். ஒரு குற்றத்தின் வேரை அந்தப் பழைய ஆசிரியர்கள் இப்படித்தான் தோண்டினார்கள் என்பார்.

அவர்கள் கணக்கில் பாவத்துக்கு மனிதனுக்குள்ளே மூன்று காரணங்கள். தெரியாமல் செய்வது, உணர்ச்சி வேகத்தில் செய்வது, தெரிந்தே மனதார விரும்பிச் செய்வது. முதல் இரண்டும் குற்றத்தைக் குறைக்கும். மூன்றாவதுதான் கனம். சாத்தான் காதில் ஓதலாம், கையைப் பிடித்து இழுக்க முடியாது. உணர்ச்சிகள் பதினொன்று. அவை தம்மளவில் நல்லவையும் அல்ல, கெட்டவையும் அல்ல. அன்புக்கு எதிர் வெறுப்பு, ஆசைக்கு எதிர் அருவருப்பு, மகிழ்ச்சிக்கு எதிர் துயரம், நம்பிக்கைக்கு எதிர் விரக்தி, துணிவுக்கு எதிர் அச்சம் என்று ஜோடி ஜோடியாக அட்டவணை அடித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் கோபம். அதற்கு எதிரே பென்சிலால் ஒரு சிறிய கோடு மட்டும் போட்டிருந்தார்.

"ஃபாதர், இங்கே ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது."

"விட்டுப்போகவில்லை. கோபத்துக்கு எதிர் கிடையாது. தணியும், அவ்வளவுதான். எதிராக நிற்பது என்று ஒன்றும் இல்லை."

நானும் ஒரு கோடு அடித்தேன்.

எழுபதுகளின் நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை சவரிமுத்து வந்தார். அது நான் வைத்த பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். துவைத்து இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, கையில் அவருடைய கோயிலின் பங்குச் சாமியார் கொடுத்த கடிதம். "இந்த மனிதர் தூத்துக்குடிக்காரர். ஒரு கேள்வி வைத்திருக்கிறார். அவர் மொழி எனக்குப் புரியவில்லை, புரிந்த அளவுக்கு, கேள்வி என் சக்திக்கு மேலானது" என்று எழுதியிருந்தது. ஃபாதர் கொர்ரெயாவுக்கும் தமிழ் தெரியாது. சவரிமுத்துவுக்கு இந்தியும் வங்காளமும் வேலை செய்யும் பட்டறைக்குப் போதுமான அளவுக்குத்தான் வரும். மனதைச் சொல்ல அது போதாது. என்னை நடுவில் உட்காரச் சொன்னார்கள்.

பன்னிரண்டுக்குச் சில நிமிடங்கள் இருந்தன. ஜன்னலின் பச்சை மரச் சட்டங்களைச் சாத்தியிருந்ததால் அறை அரை இருட்டாக இருந்தது. கரண்ட் போய் மின்விசிறி நின்றிருந்தது. பியூன் ஜிதேன் தேநீர்த் தட்டோடு உள்ளே வந்துகொண்டிருந்தான். ஃபாதர் ஏதோ சொல்ல ஆரம்பித்திருந்தார். அப்போது கோயில் மணி பன்னிரண்டு அடித்தது.

சவரிமுத்துவின் வலது கை மெதுவாக மேலே எழுந்தது. தோளிலிருந்து நேராக, உள்ளங்கை எங்களைப் பார்த்தபடி. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. கண்கள் ஃபாதரையே பார்த்துக்கொண்டிருந்தன.

ஜிதேன் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான். ஃபாதர் பாதி வார்த்தையில் நிறுத்தினார். என் விரல்கள் நோட்டின் மேல் அப்படியே நின்றுவிட்டன. மூச்சைக்கூட விடவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எங்களை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கைக்கு முன்னால் அசைய முடியவில்லை, அவ்வளவுதான். மணி ஓய்ந்தது. கை இறங்கி அவர் மடியில் படுத்துக்கொண்டது.

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்னம்மா, எல்லாரும் நிறுத்திட்டிய?" என்றார்.

அவருக்குத் தெரியவில்லை. தன் கை ஏறியதே அவருக்குத் தெரியவில்லை.

ஜிதேன் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். அவர் கிளம்பிப் போகும்வரை, ஃபாதரின் அறை இருந்த மாடிப் பக்கமே அவன் வரவில்லை. ஃபாதர் என்னிடம் ஆங்கிலத்தில், "பாவசங்கீர்த்தனம் செய்ய வந்திருக்கிறாரா என்று கேளுங்கள். அப்படியானால் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும்" என்றார்.

"இல்லம்மா. மன்னிப்புக் கேக்க வரல. அது என்னன்னு தெரிஞ்சுக்கிடணும். தெரியாம எதுக்கு மன்னிப்புக் கேக்கது?"

ஃபாதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சொல்லட்டும்."

சவரிமுத்து ஹவுரா பக்கம் ஆற்றங்கரையில் ஒரு சிறிய கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் இருந்தார். கிரேனுக்குக் கைகாட்டும் வேலை. "மேல உக்காந்திருக்கிறவனுக்குக் கீழ என்ன நடக்குன்னு தெரியாதும்மா. அவன் என் கையைத்தான் பாப்பான். என் கைதான் அவனுக்குக் கண்ணு. உள்ளங்கையைக் காட்டினா, என்ன இருந்தாலும் நிறுத்திருவான்." அவரோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவர் ஹரிபதோ என்ற வங்காளி. சுமையைக் கட்டிவிடுகிறவர்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒருநாள், மதியச் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓர் இரும்புத் தகடு மேலே போய்க்கொண்டிருந்தது. ஹரிபதோ அடியில் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். தகட்டைப் பிடித்திருந்த வளையத்தின் திருகாணி கழன்றுகொண்டிருந்தது.

"ஒவ்வொரு புரியா வெளிய வருதும்மா. நல்லா தெரியுது. வெயில்ல மின்னுது. நான் பாக்கேன்."

"கை?" என்றார் ஃபாதர்.

"கை கீழதான் கெடந்துச்சு."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு அருள் நிறைந்த மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம்."

சங்கு ஊதியது. தகடு விழுந்தது. விசாரணை நடந்தது, திருகாணி பழசு என்று எழுதி முடித்தார்கள். சவரிமுத்துவை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றார்.

ஃபாதர் தன் வழக்கப்படி ஆரம்பித்தார். தார் ஆகே? இது சவரிமுத்துவுக்குப் புரிந்தது. நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதற்கு முன்பு தண்ணீர் குடித்தேன். தார் ஆகே? ஹரிபதோ தன் காலைச் சாப்பாட்டு டப்பாவிலிருந்து எனக்கு மீன் வைத்தார். தார் ஆகே? காலையில் ஒரே படகில் வந்தோம். சண்டை? இல்லை. பொறாமை? எதற்கு? என் மனைவிக்கு ஆபரேஷன் நடந்தபோது ரத்தம் கொடுத்தவர் அவர். பதினோரு வருடத்தையும் பின்னால் போய்த் தேடினார் ஃபாதர். ஒரு முள்கூட அகப்படவில்லை.

பிறகு அந்த ஒரு பிரார்த்தனை நேரத்துக்கு வந்தார். பதினொரு உணர்ச்சிகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் தமிழில் கேட்டேன். வெறுப்பு? தலையசைத்தார். பயம்? இல்லை. பயம் வந்திருந்தால் கை ஏறியிருக்கும் என்றார். மகிழ்ச்சி? கேட்கவே எனக்குக் கூசியது. இல்லை. கோபம்?

"கோபமே இல்லம்மா. கோபத்துக்கு நேர் மாறா இருந்துச்சு. உள்ள எல்லாம் அடங்கிப்போயி, கெணத்துத் தண்ணி மாதிரி."

"அப்போ என்னதான் செஞ்சீங்க?"

"சும்மா பாத்துக்கிட்டு நின்னேன்."

ஃபாதர் என்னைப் பார்த்தார். சும்மா என்ற சொல்லை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. காரணமில்லாமல் என்று சொல்லலாம். வேலையற்று என்று சொல்லலாம். அசையாமல், பேசாமல், வெறுமனே. ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை செத்துவிடும். அதைவிட, எதைத் தேர்ந்தாலும் அந்த மனிதர் மூன்று காரணங்களில் ஏதோ ஒன்றில் போய் உட்காருவார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அந்த அத்தியாயத்தை மூன்று பிரதி அடித்தவள் நான்தானே.

"மந்தமாக நின்றேன் என்கிறார், ஃபாதர். மிகவும் களைத்துப்போனவனைப் போல."

மந்தம் என்பதாவது என் தேர்வு. களைத்துப்போனவன் என்பதை அவர் சொல்லவே இல்லை. அது முழுக்க என் சரக்கு.

ஃபாதரின் முகம் தெளிந்தது. பாலைவனத் துறவிகளை நடுப்பகலில் பிடிக்கும் ஒரு சோர்வைப் பற்றி விளக்கினார். சூரியன் உச்சியில் நகராமல் நிற்பதுபோல் தோன்றும்; நல்லது கெட்டது எதற்கும் கை எழாது; அந்தக் காலத்தில் அதை நண்பகல் பேய் என்றே சொன்னார்கள். உடல் தளர்ந்து வருவதால் குற்றம் குறையும். மதிய நேரத்தில் தனியாக இருக்க வேண்டாம், ஏதாவது கைவேலை செய்யட்டும் என்றார். நான் சொன்னேன்.

சவரிமுத்து என்னையே பார்த்தார். "அசதியா? எனக்கு அசதியே இல்லயே. அன்னைக்கு மாதிரி நான் முழிச்சிருந்ததே இல்ல."

அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்கிறார்?"

"நன்றி சொல்கிறார், ஃபாதர்."

அவர் எழுந்தார். பாரம் இறங்கிய முகமாக இல்லை. கடைக்குப் போய் வேறு ஏதோ பொருளை வாங்கிக்கொண்டு திரும்புகிறவரைப் போல இருந்தார். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து, அவர் வேலையை விட்டுவிட்டதாகப் பங்குச் சாமியார் சொல்லியனுப்பினார்.

அதன் பிறகு மத்தியானங்கள் எனக்குப் பிடிக்காமல் போயின. மணி அடிக்கும்போது என் விரல்கள் விசைகளின் மேல் நிற்கும். மணி ஓய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவை நின்றுவிட்டன என்பதே தெரியும். ஒருநாள் கல்லூரி வாசலில், டிராமிலிருந்து இறங்கிய ஒரு கிழவர் பின்னால் லாரி வருவதைப் பார்க்காமல் சாலையில் காலை வைத்தார். நான் கத்தினேன். அவர் பின்வாங்கினார். சுற்றியிருந்தவர்கள், "நல்ல வேளை, தீதி பார்த்தாங்க" என்றார்கள். கத்துவதற்கு முன், கத்துவேனா மாட்டேனா என்று எனக்குள்ளே ஒருத்தி ஒரு கணம் காத்திருந்து பார்த்தாள். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அவள் அமைதியாக இருந்தாள். எனக்கு அவளை அடையாளம் தெரிந்தது.

மறுநாள் காலை ஃபாதரிடம் போய் நான் மாற்றிச் சொன்னதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டதையும் சொன்னேன். வேலை போகும் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை.

"ஏன் சேர்த்தீர்கள்?"

"பாவமாக இருந்தது, ஃபாதர்." தமிழிலேயே சொல்லிவிட்டேன். பிறகு விளக்கினேன்: குற்றத்துக்கும் அந்தச் சொல்தான், இரக்கம் வந்தாலும் அந்தச் சொல்தான் எங்கள் வாயில் வரும்.

அதை மனதில் வாங்கிக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "தார் ஆகே?"

"அவர் சும்மா என்றபோது எனக்குப் பயமாக இருந்தது."

"தார் ஆகே?"

"கிணற்றுத் தண்ணீர் மாதிரி என்றாரே, அப்போது."

"தார் ஆகே?"

அதற்கு முன்பு என்றால் எட்டு வருடம் பின்னால் போக வேண்டும். யாரிடமும் சொல்லாததை அன்று அந்த அறையில் சொன்னேன். அம்மா உயிரோடு இருந்த நாள். கோமதி சமையலறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்கு முன்னால் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். குனிந்து எதையோ எடுத்தபோது தாவணியின் நுனி சரிந்து சுடருக்குப் பக்கத்தில் தொங்கியது. நான் நறுக்கிய காயோடு வாசற்படியில் நின்றேன். நுனி ஆடியது. சுடர் அந்தப் பக்கம் சாய்ந்தது. அவள் மேல் எனக்கு உயிர். ஒரு மனத்தாங்கல்கூட இல்லை. ஆனாலும் என் வாய் திறக்கவில்லை. காதில் பஞ்சு அடைத்ததுபோல் இருந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவளே நிமிர்ந்து தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டாள். எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காததால் யாரிடமும் சொல்லவும் எதுவும் இருக்கவில்லை.

ஃபாதர் மேசையிலிருந்த அட்டவணையை இழுத்து, கோபத்துக்கு எதிரே இருந்த அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்தார்.

"என் அத்தியாயத்தில் ஒரு பெயர் தயாராக இருந்தது. அதைத் தூக்கி அவரிடம் கொடுத்துவிட்டேன். நான் செய்தது தெரியாமல். நீங்கள் செய்தது பயத்தில். புத்தகப்படி இரண்டுமே குற்றத்தைக் குறைக்கும். நாம் இருவரும் சுலபமாகத் தப்பித்துவிட்டோம், மிஸ் காந்தி. அவர் இன்னும் அங்கேயே நிற்கிறார்." எழுந்து குடையை எடுத்தார். "சனிக்கிழமை போவோம்."

படகில் ஆற்றைத் தாண்டினோம். ஏப்ரல் வெயிலில் தண்ணீர் தகரம் மாதிரி இருந்தது. சவரிமுத்துவின் வீட்டில் அவர் மனைவி, "அவுக இந்நேரம் ஹரிபதோ வீட்டுல இருப்பாக. தெனம் போவாக" என்று வழி சொன்னார். பட்டறைகளுக்கு நடுவே குறுகலான சந்து. ஒரு பக்கம் தண்ணீர்க் குழாய், ஒரு பக்கம் லேத் ஓடும் சத்தம். ஓட்டு வீட்டின் முன்னால் சின்ன முற்றம். மூங்கில் முக்காலியில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். ஹரிபதோவின் மனைவி மினதி. அவளுக்கு எதிரே, பத்தடி தள்ளி, சவரிமுத்து நின்றார்.

தூரத்தில் ஏதோ ஒரு ஆலையின் சங்கு ஊதியது. அவர் வலது கையைத் தூக்கினார். தோளிலிருந்து நேராக, உள்ளங்கை அவளைப் பார்த்தபடி.

லேத் சத்தம் நின்றது. குழாயடியில் நின்ற பெண் குடத்தைத் தூக்காமல் நின்றாள். கைவண்டிக்காரர் வண்டியின் பாரத்தை நெஞ்சில் தாங்கிக்கொண்டு நின்றார். தினமும் பார்க்கிறவர்கள், ஆனாலும் நின்றார்கள். குடம் நிரம்பி வழியும் சத்தம் மட்டும் கேட்டது. ஃபாதர் என் பக்கத்தில் உறைந்து நிற்பதை உணர்ந்தேன். மினதி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவில்லை. ஒரு பிரார்த்தனை சொல்லி முடிக்கிற நேரம்.

"ஹொயேச்சே" என்றாள். ஆயிற்று. முக்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். லேத் மறுபடி ஓடத் தொடங்கியது.

சவரிமுத்து எங்களைப் பார்த்ததும் வந்து வணங்கினார். சந்து முனைக்கு நடந்தோம். நான் செய்ததைச் சொன்னேன். அசதி என்ற சொல் அவருடையதல்ல, என்னுடையது என்றேன்.

"அது அசதி இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்மா" என்றார். "சரியான பேரு கிடைச்சிருந்தா வாங்கிக்கிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். கிடைக்கல. அதான் ஹரிபதோ வீட்டுக்கு வந்து இவிய கிட்ட சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"ரெண்டு நாள் ஒண்ணும் சொல்லல. மூணாம் நாள் கூப்பிட்டு விட்டாவ. கையை எப்படித் தூக்கணும், காட்டுன்னாவ. காட்டினேன். நாளைக்கும் வான்னாவ. ஏன்னு மட்டும் இன்னைக்கு வரைக்கும் கேக்கல."

"இப்பவும் கை தானா ஏறுதா?"

"இல்ல. அது தானா ஏறுததே பிறகு வீட்டுல சொல்லித்தான் எனக்குத் தெரியும். இப்ப நாந்தான் தூக்குதேன். கனமா இருக்கு."

இதை யாரிடமாவது சொல்லலாமா என்று கேட்டேன். "சொல்லுங்க. பேரை மட்டும் மாத்திக்கிடுங்க. இவிய பேரையும்" என்றார். மாற்றியிருக்கிறேன்.

ஃபாதர் அவரிடம் எதையும் கேட்கவில்லை. தார் ஆகே என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. படகில் திரும்பும்போது தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவர், இந்தக் கரையில் இறங்கியதும் சொன்னார்: "திங்கட்கிழமை ஒரு பக்கத்தை மாற்றி அடிக்க வேண்டும். உணர்ச்சிகள் பதினொன்று என்று இருக்கிறது. பதினொன்று வரை எண்ணினார்கள் என்று போடுங்கள்."

நான் வீட்டுக்கு வந்தபோது மணி இரண்டரை. கோமதி அடுப்பங்கரையில் இருந்தாள். அப்போது ஒரு பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள், சனிக்கிழமை அரைநாள். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியிலேயே நின்றேன். உள்ளே போய்விட்டால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. நின்ற இடத்திலிருந்தே, அந்த நாளை, ஸ்டவ்வை, தாவணியை, நான் வாயைத் திறக்காததைச் சொன்னேன்.

அவள் திரும்பவில்லை. கரண்டியைக் கீழே வைத்தாள்.

"தெரியும்க்கா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நீ பின்னாடி வந்து நிக்கறது அன்னிக்கே தெரிஞ்சுது. தாவணி சரிஞ்சதும் தெரிஞ்சுது. இடுப்புல சூடு பட்டுது. நீ எதாவது சொல்றியான்னு நானும் அசையாம நின்னு பாத்துட்டு இருந்தேன்."

ரசம் பொங்கி விளிம்புக்கு வந்தது. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் என்னைக் கேட்கவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு, ஒரு பக்கமாக நகர்ந்து, தன் அருகில் நான் நிற்பதற்கு இடம் விட்டாள்.